காதால் பார்த்த வண்டி

எங்கள் வீட்டில் கார் வாங்கப் போகிறார்கள் என்பது முதலில் தெருவுக்குத் தெரிந்தது, பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நடுவில் ஒரே சுவர், அந்தப் பக்கம் அண்ணன் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. இருந்தும் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அண்ணன் மகன் விக்னேஷுக்குத் தோன்றவில்லை. பால் வாங்கப் போன இடத்தில் காந்தா, "இன்னா சங்கரி, ஹைபிரிட் எடுக்கிறீங்களாமே" என்று கேட்டபோது, தக்காளி விதையைச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, பால் பாக்கெட்டோடு நேராக அண்ணன் வீட்டுக்குள் போய்ச் சண்டை போட்டேன். அங்கன்வாடியில் அத்தனை வருஷம் குழந்தைகளை மேய்த்தவள் நான். எனக்குப் பொறுமை அதிகம் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் என்னோடு பழகாதவர்கள்.

சண்டைக்கு நடுவில்தான் விஷயம் வெளியே வந்தது. கார் ஊர் சுற்றுவதற்காக இல்லை. என் அண்ணன் மயில்வாகனத்தை இனிமேல் தெருவில் தனியாக நடக்க விடக் கூடாது என்று அவர் பிள்ளை முடிவு செய்திருந்தான். அண்ணனுக்குக் கண் தெரியாது.

பிறவியிலேயே அப்படி இல்லை. பிள்ளையார்பாளையத்தில் நல்ல நெசவுக்காரர் என்று பெயர் எடுத்தவர். சர்க்கரை வந்தது, கவனிக்கவில்லை. ஒரு கண் மங்கியது, அப்போதும் கவனிக்கவில்லை. மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனபோது இரண்டாவது கண்ணும் பாதி போயிருந்தது, மீதியும் சீக்கிரமே போய்விட்டது. அதன் பிறகு கொஞ்ச காலம் தறிக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி ஏலவார்குழலி அதே தறியில் ஏறி உட்கார்ந்து நெய்தார்கள். மனுஷன் இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று நான் என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன்.

ஒருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூலையில் கிடந்த மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். அண்ணி பின்னாலேயே ஓடினார்கள். தெரு நடுவில் நின்று அண்ணன் திரும்பி, "பின்னாடி வராத குழலி. உன் கொலுசு சத்தத்துல வேற எதுவும் காதுல வுழல" என்றார். அண்ணி அங்கேயே நின்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கொலுசைக் கழற்றி வைத்தவர்கள்தான்.

அன்றிலிருந்து அண்ணன் தனியாகத்தான் போவார், வருவார். வேலையும் கிடைத்தது. தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், அதாவது பாவு, தீரும்போது, பழைய இழையின் நுனியோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். முடி மாதிரி இழைகள், ஆயிரக்கணக்கில். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு செய்கிற வேலை அது. அண்ணன் அதில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார். நாலு தெரு தள்ளியிருந்துகூடக் கூப்பிடுவார்கள். "லைட்ட அணைச்சிடும்மா, கரண்டு தண்டம்" என்று அந்த வீட்டுப் பெண்களிடம் கிண்டல் வேறு.

தற்பெருமை கொஞ்சம் தூக்கல். தெருவில் எந்த வண்டி வந்தாலும் சத்தத்தை வைத்தே யார் என்று சொல்லிவிடுவாராம். டீக்கடையில் நின்றுகொண்டு, "வர்றது ஆனந்தராஜ். செயின் தொங்கிக்கினு இருக்குது, சொல்லுங்க அவன்கிட்ட" என்பார். பாதி நேரம் சரியாக இருக்கும். தப்பாகிவிட்டால், அவன் சைலன்சரை மாற்றிவிட்டான் என்று சாதிப்பார். மாற்றவே இல்லை என்று அவனே வந்து சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இப்படிப்பட்டவரை ஒரு பேட்டரி ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் வந்து உரசிவிட்டது. முழங்கையில் தோல் வழண்டு ரத்தம். வீட்டில் சுவரில் இடித்துக்கொண்டதாகச் சொல்லி வைத்திருந்தார். ஸ்கூட்டரைப் பார்த்த யாரோ விக்னேஷிடம் சொல்லிவிட்டார்கள். அவன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். இரண்டு ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன். அப்பா என்றால் உயிர். அந்தக் காயத்தைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடாமல் எழுந்து போனான். அதற்குப் பிறகுதான் கார் யோசனை.

சும்மா சொல்லக் கூடாது, பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி பார்த்தான். போன் வீடியோவில் எந்நேரமும் யாராவது ஒருத்தன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பேசிக்கொண்டே இருந்தான். முழுக்க கரண்டில் ஓடுகிற வண்டி நம் தெருவுக்குச் சரிப்படாது, ராத்திரி சார்ஜ் போட வயரை எங்கே இழுப்பது என்றான். வெறும் பெட்ரோல் வண்டி என்றால், சந்து சந்தாக நின்று நின்று போகிற இந்த ஊரில் பெட்ரோலைக் குடித்துவிடும் என்றான். ஹைபிரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினும் இருக்கும், கரண்டு மோட்டாரும் இருக்கும். மெதுவாகப் போகும்போது மோட்டார் இழுக்கும், வேகம் எடுத்தால் இன்ஜின் சேர்ந்துகொள்ளும், பிரேக் போட்டால் பேட்டரி தானே ஏறிக்கொள்ளும். ரொம்பப் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை, எங்கள் தெருவில் திரும்பும். இவ்வளவையும் எனக்கு இரண்டு தரம் சொன்னான். சண்டை போட்டதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரிக்கரை தாண்டி, பெங்களூர் ரோட்டு மேல் இருந்த ஷோரூமுக்கு நாலு பேரும் போனோம். அனு என்று ஒரு பெண் வந்து வரவேற்றாள். நாங்கள் எந்தத் தெரு என்று விசாரித்தவுடனே அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ உங்களுக்கு ஈஸியா புரியும் மேடம். கோர்வைப் புடவைக்கு ரெண்டு பேர் உக்காந்து நெய்வாங்க இல்ல, அந்த மாதிரிதான் இதுல இன்ஜினும் மோட்டாரும்."

காஞ்சிபுரத்தில் கார் வாங்க வருகிற ஒவ்வொரு நெசவுக் குடும்பத்துக்கும் இதே பாட்டைத்தான் பாடியிருப்பாள். "அதுல ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தரும் சும்மா உக்காரணும்மா, இதுல எப்படி?" என்று கேட்டேன். பாவம், சிரித்துச் சமாளித்தாள்.

அண்ணி வாயைத் திறந்து பேசினால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அன்றும் பேசவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு பின் சீட்டில் ஒரு தரம் ஏறி இறங்கினார்கள். மறுபக்கம் போய் இன்னொரு தரம் ஏறி இறங்கினார்கள். பின்கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, "பெட்டி வைக்கிற இடம் ஆழமே இல்லியே" என்றார்கள்.

"கீழ பேட்டரி இருக்குதும்மா, அதனால கொஞ்சம் கம்மி" என்றான் விக்னேஷ்.

"கோவிலுக்குப் பொங்கல் வைக்கப் போனா அண்டாவ எங்க வைக்கிறது?"

"மடியில வெச்சிக்கோங்க அண்ணி" என்றேன். என்னைப் பார்க்கவே இல்லை.

அண்ணனைக் கதவருகில் கொண்டுபோய் விட்டோம். அவர் காரைத் தடவித் தடவி ஒரு சுற்று வந்தார். கதவை மூடிக் கேட்டார், திறந்து மறுபடி மூடிக் கேட்டார். "கதவு நல்லா வுழுது. சப்புனு இல்ல, தொம்முனு இருக்குது" என்றார். சீட்டின் தையலில் விரலை ஓட்டினார். ஜன்னல் கண்ணாடியைத் தானே பட்டனை அழுத்தி இறக்கி ஏற்றினார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. கண் இருந்த காலத்தில் புதுப் புடவையை மடித்து வைக்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும்.

பிறகு டெஸ்ட் டிரைவ். அண்ணன் முன்னால், ஓட்டுகிற விக்னேஷுக்குப் பக்கத்தில். அனுவும் நானும் அண்ணியும் பின்னால். வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போய்விட்டது. அண்ணன் தலையைத் திருப்பி, "இன்னும் ஸ்டார்ட் பண்ணலியாம்மா?" என்று கேட்டார்.

அனு பெருமையோடு, "நாம போய்ட்டுதான் சார் இருக்கோம்" என்றாள்.

விக்னேஷ் சிரித்தான், நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. கையை நீட்டி முன்பலகையைத் தொட்டார், அப்படியே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வண்டி வேகம் எடுத்தது, இன்ஜின் வந்து சேர்ந்துகொண்டது, குளிர்காற்று வந்தது, கூரையில் ஒரு கண்ணாடி திறந்து மூடியது. எதற்கும் அவர் அந்தக் கையை எடுக்கவில்லை. அவர் மனதில் அந்த ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குப் புரிந்தது.

திரும்பி வந்து இறங்கியதும் அனுவிடம் கேட்டார். "இது பக்கத்துல வந்தா ரோட்டுல நடக்கிறவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

"மெதுவா போறப்ப சின்னதா ஒரு சவுண்ட் குடுக்கும் சார். ரீங்காரம் மாதிரி. அதுக்குன்னே வெச்சிருக்காங்க."

"ஓட்டிக் காட்டு."

ஷோரூமுக்குப் பின்னால் ஒரு பெரிய வெட்டவெளி. சுற்றிலும் வயல், ஆள் நடமாட்டம் இல்லை. அண்ணன் நடுவில் நின்றார். அனு வண்டியை எடுத்து அவரைச் சுற்றி மெதுவாக ஓட்டினாள். ங்ங்ங் என்று ஒரு மெல்லிய சத்தம், வண்டு தூரத்தில் பறப்பது மாதிரி. அண்ணன் கம்பை நீட்டினார். வண்டி போகிற பக்கமெல்லாம் கம்பு கூடவே திரும்பியது. அனு நின்றாள், கம்பும் நின்றது. பின்னால் எடுத்தாள், கம்பும் பின்னால் வந்தது. அவர் முகத்தில் பழைய திமிர் திரும்பி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது விக்னேஷ் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினான்.

"அப்பா, இனிமே பாவு பிணைக்கப் போறதுன்னா நான் இருக்கிற நேரமா பாத்து ஒத்துக்கோங்க. நானே வண்டியில கொண்டு போய் வுட்டுட்டு, கூட்டிக்கினு வந்துடறேன்."

"நான் இன்னா எல்கேஜி படிக்கிறனா, வேன்ல ஏத்தி அனுப்ப?"

"இன்னிக்கு ஸ்கூட்டர் உரசிட்டுப் போச்சு. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"அவன் ராங் சைடுல வந்தான்."

"ராங் சைடு இல்லப்பா. உங்களுக்குக் கேக்கல. இனிமே வர்ற வண்டியெல்லாம் அப்படித்தான் வரும்."

அண்ணன் கையைத் தட்டிலேயே உதறினார். கோபம் வந்தால் அவருக்குப் பேச்சு சுருக்கமாகிவிடும். "சரி. அதே வண்டிய நம்ம தெருவுக்குக் கொண்டு வரச் சொல்லு. நான் நடுவுல நிக்கிறேன். என்கிட்ட வர்றதுக்குள்ள நான் கைய தூக்கிட்டா, இந்தப் பேச்ச நீ எடுக்கவே கூடாது. தூக்கலைன்னா நீ சொல்றபடி கேக்குறேன். தனியா வாசப்படி தாண்ட மாட்டேன்."

விக்னேஷ் ஒத்துக்கொண்டான். அண்ணன் பெருமை பேசுவார், வீம்பு பிடிப்பார், ஆனால் கொடுத்த வார்த்தையை மாற்றியதில்லை. எங்கள் அப்பா சாகிறபோது பீடியை விடுகிறேன் என்று அண்ணன் அவரிடம் ஒரு சொல் சொன்னார், அதோடு விட்டது. இப்போது தோற்றால் வீட்டோடு இருந்துவிடுவார். பாவும் பிணைக்க மாட்டார். பழையபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். "ஏண்ணா உனக்கு இந்த வேண்டாத வேலை" என்று கேட்டேன். "நீதான் பாத்தியே, கம்பு எங்க திரும்புச்சுன்னு" என்றார். அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

விக்னேஷுக்கு லீவு கிடைத்த நாளில் அனு காலையிலேயே காரைக் கொண்டுவந்தாள். தெருமுனையிலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது. நாலு வீடு தள்ளியிருக்கிற ஒருவர் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டி, கஞ்சி தெளித்துச் சீர் பண்ணிக்கொண்டிருந்தார். மஞ்சள் பட்டு, வெயிலில் தகதகவென்று கிடந்தது.

விக்னேஷ் போய் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தான். அனு அவனிடம் ஹாரன் அடிக்கலாமா என்று கேட்டாளாம். "அடிச்சா நம்மள பொலி போட்டுடுவாங்க" என்றானாம். பாவு கிடந்தால் எங்கள் தெருவில் யார் வண்டியானாலும் நிற்கும். கல்யாண ஊர்வலம்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். அதற்குப் பலகையும் இல்லை, போலீசும் இல்லை. தண்ணீர் லாரிக்காரன் புதிதாக வந்தபோது ஒருமுறை உறுமிப் பார்த்தான். பத்துப் பெண்கள் சேர்ந்து பேசிய பேச்சில் அவன் அதற்கப்புறம் முனையிலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கேட்கிறான்.

பாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். தெரு காலியானது. வீடுகளில் தறிகள் ஓடத் தொடங்கிவிட்டன. எங்கள் வீட்டுக்கு எதிரே, தெரு நடுவில் அண்ணன் போய் நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். முகவாய் கொஞ்சம் தூக்கியபடி. நான் ஓரமாக நின்றேன். அண்ணி வாசலில். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

நான் கையைக் காட்டினேன். கார் முனையிலிருந்து நகர்ந்தது. மெதுவாக, நடக்கிற வேகத்தில் வந்தது. காந்தா வீட்டைத் தாண்டியது. பிள்ளையார் கோவிலைத் தாண்டியது. அண்ணன் கை கீழேயே இருந்தது. இன்னும் தூரம் இருக்கிறது, கேட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டேன். கார் குழாயடிக்கு வந்தது. எனக்கு இருமலாமா என்று இருந்தது. ஒரு செருமல் போதும், அண்ணன் புரிந்துகொண்டு கையைத் தூக்கிவிடுவார், நான் பாவியானாலும் பரவாயில்லை. இருமப் பார்த்தேன், வரவில்லை.

கார் அவருக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் விக்னேஷ் முகம் வெளுத்திருந்தது. அப்பா அவனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அவன் வருவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்.

"வரச் சொல்லு சங்கரி" என்றார் அண்ணன். "எவ்ளோ நேரம் அங்கயே நிப்பான்?"

நான் கிட்டே போனேன். அவர் கையைப் பிடித்துக் காரின் மூக்கில் வைத்தேன். அண்ணன் விரல்கள் அங்கேயே சுருங்கின.

"தறி ஓடுதா?" என்று கேட்டார்.

"எல்லா வூட்லயும் ஓடுதுண்ணா."

"நான் அத கணக்குலயே எடுக்கலியே."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தெருவின் இரண்டு பக்கமும் டடக் டடக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, அது எங்களுக்குச் சத்தமே இல்லை. எங்கள் தெரு அமைதியான தெரு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஷோரூமின் அந்த வெட்டவெளியும் நம் தெருவும் ஒன்றுதான் என்று அண்ணனும் நினைத்துவிட்டார். வேறு ஊர்க்காரன் யாராவது இருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். ஆட்டோவும் பைக்கும் தறிச் சத்தத்தை மீறிக் கேட்கும். இந்த ரீங்காரம் எந்த மூலைக்கு.

விக்னேஷ் இறங்கி வந்து நின்றான், ஜெயித்தவன் மாதிரியே இல்லை. அண்ணன் கம்பை அவன் பக்கம் நீட்டினார்.

"சொன்னா சொன்னதுதான். இந்தா."

"அப்பா, இருக்கட்டும்பா."

"புடிடா."

அவன் வாங்கிக்கொண்டான். கம்பு இல்லாமல் தெரு நடுவில் நின்ற அண்ணனைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கார் கம்பெனிக்காரன், பேட்டரி, சர்க்கரை, அண்ணன் வாய்க்கொழுப்பு, எல்லாவற்றையும் மனதுக்குள் திட்டினேன்.

அண்ணி வாசல்படி இறங்கி வந்தார்கள். நேராக மகன் எதிரில் நின்றார்கள்.

"இவ்ளோ நேரம் முனையில ஏன் நின்னுக்கினு இருந்த?"

"பாவு போட்டிருந்தாங்கம்மா."

"அது உன் வண்டி சத்தத்த கேட்டுச்சா?"

அவன் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தான்.

"கேக்காது. அதுக்குக் காது இல்ல. அதுக்காக நம்ம தெருவுல பாவு போடாம வுட்டுட்டோமா? நீதான நின்ன. இந்தப் பொண்ணு வெளியூரு, அதுவும் நின்னுச்சு. தண்ணி லாரிக்காரன் நிக்கிறான்." அண்ணி அவன் கையிலிருந்த கம்பைப் பார்த்தார்கள். "நடக்கிறவருக்கு இன்னாத்துக்குப் பரீட்சை வெச்சீங்க? ஓட்டுறவனுக்கு வெச்சிருக்கணும்."

"நம்ம தெருவுல சரிம்மா. மத்த தெருவுல எல்லாரும் பாத்து நிப்பாங்களா?"

"நூலுக்கு நிக்கிறவன் மனுசனுக்கு நிக்க மாட்டானா? நின்னவன் எவனும் அம்மா வயித்துலயே கத்துக்கினு வரல. சொன்னோம், நின்னான். இவருக்காகவும் சொல்லுவோம். வூடு வூடா நான் போய்ச் சொல்றேன்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அண்ணி இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. சொன்னதில் ஓட்டை இல்லாமல் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வருகிறவனிடம் எந்த அண்ணி போய்ச் சொல்வது? விக்னேஷின் பயம் பொய்ப் பயம் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அண்ணனை வீட்டுக்குள் சுருட்டி வைப்பதற்கு அது போதுமா என்று கேட்டால், போதாது. அன்றைக்கு அதுவரை நான் அப்படி யோசிக்கவே இல்லை.

அண்ணன் கையை நீட்டினார். விக்னேஷ் கம்பை அந்தக் கையில் வைத்தான். வாங்கின வார்த்தையை அவனே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"ரேவதி வூட்ல பாவு பிணைக்கணும், வரச் சொல்லியிருக்காங்க. நான் போறேன்" என்றார். "நீ வண்டிய எடு. என் பின்னாடியே வா. ஹாரன் அடிக்கக் கூடாது. நான் நடுவுலதான் போவேன், ஒதுங்க மாட்டேன்."

"வேணாம்பா."

"வண்டி வாங்கணுமா வேணாமா?"

விக்னேஷ் ஏறி உட்கார்ந்தான். அனு பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு டெஸ்ட் டிரைவைப் பார்த்திருக்க மாட்டாள்.

அண்ணன் திரும்பி நடந்தார். வழக்கமாக ஓரமாகத்தான் போவார், கம்பு வாய்க்கால் விளிம்பைத் தட்டிக்கொண்டே வரும். அன்று தெருவின் நட்ட நடுவில் போனார். நான் ஓரமாகக் கூடவே நடந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் அந்த வண்டி சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு கிட்டே, எவ்வளவு தள்ளி, ஒன்றும் அவருக்குத் தெரியாது. முதல் கொஞ்ச தூரம் அவர் தோள் இரண்டும் விறைத்துத் தூக்கிக்கொண்டிருந்தது. எந்த நொடியும் இடிபடப் போகிறவர் மாதிரி நடந்தார். ஒரு தடவைகூட, வருகிறானா என்று என்னைக் கேட்கவில்லை.

நாலைந்து வீடு தாண்டியதும் சட்டென்று நின்றுவிட்டார். கார் முன்பக்கம் லேசாக அமுங்கி நின்றது. அண்ணன் அவசரமே இல்லாமல் குனிந்து, செருப்பு வாரைச் சரி செய்தார். வேண்டுமென்றுதான் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த வார் நேற்று மாற்றிய வார். நிமிர்ந்தபோது தோள் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு நடை வழக்கமான நடை. டீக்கடையில் யாரோ பின்னால் வண்டி வருகிறது என்று கூவ வாயெடுத்தார்கள், நான் விரலை உதட்டில் வைத்தேன்.

ரேவதி வீட்டு வாசலில் நின்று, "அனும்மா" என்று கூப்பிட்டார். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"எங்க நிக்குது வண்டி?"

"உங்களுக்குப் பின்னாடிதான் சார். நல்லா தள்ளி நிக்குது."

"பிரேக்கு நல்லா இருக்குது. இதையே எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து, விளக்கை அணைக்கச் சொல்லி அவர் குரல் கேட்டது.

நான் காரிடம் போனேன். அனு இறங்கிவிட்டாள். விக்னேஷ் இறங்கவில்லை. "வாடா, எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாரு இல்ல" என்றேன். அவன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்பா நுழைந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது.